டைனோசர் பாடத்துக்கு ரோபோ கண்காட்சி போதுமா, அரியலூர் போக வேண்டுமா?

ஒரு வாசகரின் கேள்வி, 14 ஜூன் 2024

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். எந்நேரமும் டைனோசர் பேச்சுதான். பள்ளியில் ரோபோ டைனோசர் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறார்கள். தமிழ்நாட்டில் அதை விட்டால் வேறு வழியில்லை என்று நினைக்கிறேன். உண்மையான எலும்புக்கூடு பார்க்க வேண்டுமென்றால் லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டும். அரியலூரில் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். போய் வந்தவர்கள் வெறும் கல்தான் என்கிறார்கள். பிள்ளைகளோடு யாராவது போயிருக்கிறீர்களா?

15 ஜூன் 2024

போயிருக்கிறேன். திருச்சிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு அரியலூர் போவது எங்கள் பள்ளியில் வழக்கமாகிவிட்டது. வெறும் கல்தான் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கல்லைப் பார்க்கத்தான் போக வேண்டும்.

லண்டன் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் ‘டிப்பி’ என்ற டிப்லோடோகஸ் டைனோசரின் எலும்புக்கூடு நின்றதே, அது பிளாஸ்டரில் வார்த்த நகல். ஆண்ட்ரூ கார்னகி கொடுத்தது, 1905-ல் திறந்து வைத்தார்கள். 2017-ல் அந்தக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டு, அங்கே நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டார்கள். நகல் என்பதால் மட்டம் என்று சொல்ல வரவில்லை. லண்டன் போனால்தான் உண்டு என்று நாம் ஏங்க வேண்டியதில்லை என்கிறேன். இரவு ரயில் ஏறினால் ஹைதராபாத். அங்கே பிர்லா அறிவியல் மையத்தில் கோட்டாசாரஸ் என்ற டைனோசர் நிற்கிறது. இன்றைய தெலங்கானாவின் யாமன்பள்ளி அருகே கிடைத்த எலும்புகளிலிருந்து கோத்து நிறுத்தியது. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பாராபாசாரஸ் என்ற இன்னொரு டைனோசர் இருக்கிறது.

16 ஜூன் 2024

நேற்று அவசரத்தில் எழுதினேன். கேள்வி அரியலூரைப் பற்றியது, அதற்கு வருகிறேன்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம், டைனோசர்களின் கடைசிக் காலகட்டமான கிரெடேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. தென் கண்டங்களெல்லாம் ஒன்றாக இருந்த கோண்ட்வானா என்ற பெருநிலம் உடைந்து இந்தியா தனியே நகர்ந்த காலத்தில் உள்ளே வந்த கடல் அது. பல கோடி ஆண்டுகள் முன்னேறியும் பின்வாங்கியும் அடுக்கடுக்காக வண்டலைப் போட்டுவிட்டுப் போனது. அந்த வண்டலின் ஒரு பகுதிதான் இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டுகிற சுண்ணாம்புக்கல். 1860-களில் பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் இந்தப் பாறைகளை வகைப்படுத்தினார். ஸ்டோலிச்கா என்ற புதைபடிவ அறிஞர் இங்கே கிடைத்த உயிரினங்களைப் பற்றிப் பெரிய தொகுதிகளே எழுதினார். உலகெங்கும் கிரெடேசியஸ் படிப்பவர்களுக்கு அரியலூர் என்ற பெயர் தெரியும். அரியலூர் பஸ் நிலையத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. எனக்கு ஆறாத வருத்தம் இது.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய எலும்புக்கூட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அமோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரி), சிப்பி, கிளிஞ்சல், மரத்துண்டு, இவைதான் முக்கியம். காரை கிராமத்தில் மழை அரித்துப் போட்ட செம்மண் மேடுகள் இருக்கின்றன. அங்கே குனிந்து தேடினால் பெலெம்னைட் தென்படும். கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒரு கடல் உயிரியின் உள்ளோடு அது. உடைந்த சிலேட்டுக் குச்சி என்று நினைத்துப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். ஒருவர் அடையாளம் காட்டிவிட்டால் போதும், அதன்பின் கால் வைக்கும் இடமெல்லாம் அவர்கள் கண்ணில் அதுதான் படும்.

19 ஜூன் 2024

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “டைனோசர் பாடத்துக்கு நத்தை ஓட்டைக் காட்டினால் பிள்ளை ஏமாறாதா?”

ஏமாறும், முன்கூட்டிச் சொல்லாவிட்டால். அதனால் பயணத்துக்கு முந்தைய வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: “நாம் பார்க்கப் போவது டைனோசர் வாழ்ந்த காலத்துக் கடல். டைனோசர் நிலத்தில் நடந்தது. செத்து ஆற்றோடு வந்தால்தான் கடல் வண்டலில் அதன் எலும்பு மாட்டும். அப்படி மாட்டியது ஏதாவது உண்டா என்று அங்கே போய்க் கேட்போம்.” இப்படி ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பினால் பிள்ளைகள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. அமோனைட்டைக் கண்டதும் எங்கள் வகுப்பில் ஒரு பெண், “டீச்சர், எங்கள் பாட்டியின் பூஜை மாடத்தில் இது இருக்கிறது” என்றாள். சாளக்கிராமம்! நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தின் உள்ளே இருப்பது அமோனைட்தான். இமயமலை எழும்புமுன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்தது. பாட்டியிடம் போய் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். தினம் நீங்கள் அபிஷேகம் செய்யும் கல் டைனோசர் காலத்துக் கடலைப் பார்த்தது என்று சொல் என்றேன். பாட்டிக்கு மிகுந்த மகிழ்ச்சி, அன்று மாலையே அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொல்லிவிட்டாராம்.

2 ஜூலை 2024

அரியலூரில் கிடைத்த பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசரைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். தனியாக எழுத வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

அரியலூர் மாவட்டம் கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிஞர்கள் இருவர் 1980-களின் கடைசியில் இந்தப் புதிய டைனோசரை விவரித்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் இறைச்சி உண்ணும் வகை என்று எண்ணினார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்ற முடிவு வலுப்பெற்றது. 2023-ல் வந்த ஓர் ஆய்வு எடை 100 டன்னைத் தாண்டும் என்று கணித்தது. அது சரியென்றால் நிலத்தில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று நம் ஊரில் நடந்திருக்கிறது.

ஆனால் அந்த எலும்பு இன்று இல்லை. நீரை உறிஞ்சி உறிஞ்சி நொய்ந்து போயிருந்த எலும்பு. பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் பொடிந்துவிட்டது. எஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும். அந்தப் புகைப்படங்கள் 2022-ல்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தன.

இதை வகுப்பில் சொல்லும்போது தரையில் சாக்பீஸால் 2 மீட்டர் கோடு போடுகிறேன். வகுப்பிலேயே உயரமான பையனை அதன் பக்கத்தில் படுக்கச் சொல்கிறேன். கோடு அவன் தலையைத் தாண்டிப் போகிறது. “இது முட்டிக்குக் கீழே மட்டும்” என்றதும் வகுப்பில் எழும் சத்தம் தலைமை ஆசிரியர் அறை வரை கேட்கும். அடுத்துத்தான் கேள்வி கேட்பேன்: எலும்பே இல்லாதபோது இதை நம்பலாமா? ஒரு பாதிப் பிள்ளைகள் நம்பலாம் என்பார்கள், மறுபாதி கூடாது என்பார்கள். அளவெடுத்தவர்கள் இரண்டு பேர், புகைப்படம் இருக்கிறது, ஆனால் வேறு யாரும் மறுபடி அளக்க முடியாது. இதில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அறிஞர்களும் இன்றுவரை ஒருமனதாக இல்லை. ரோபோ கண்காட்சியில் இந்த விவாதம் வராது. அங்கே எல்லாமே முடிந்த முடிவாக நிற்கிறது: இந்த நிறம், இந்தக் குரல், இந்தப் பெயர்.

11 ஆகஸ்ட் 2024

ரோபோ பற்றி மேலே எழுதியதை மறுபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் என் அக்காள் மகனை (ஒன்றாம் வகுப்பு) ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். உறுமியதும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். பிறகு ஒவ்வொன்றாகக் கிட்டப் போய், வயிற்றுப் பக்கம் ரப்பர் தோல் கிழிந்த இடத்தில் கம்பி தெரிவதைக் கண்டுபிடித்தான். வீடு வரும்வரை அவன் கேட்டதெல்லாம்: “பச்சை நிறம் என்று யார் சொன்னார்கள்? கத்தியதை யார் கேட்டார்கள்?”

ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வர அந்தப் பொம்மை உதவியிருக்கிறது. அதனால் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர் கூடவே நடந்து பேச வேண்டும். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலும் டைனோசர் உருவங்கள் நிற்கின்றன. அவற்றோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போனால் உண்மையான திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. அதன் துடுப்புக்குள் நம் கைவிரல்களைப் போன்ற எலும்பு வரிசை இருப்பதைப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்பிட்டுக் காட்டுங்கள். எலும்பை வாசிக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடும். பிறகு எந்த டைனோசர் எலும்புக்கூட்டின் முன் நிறுத்தினாலும் முழங்கை எது, முட்டி எது என்று தானே தேடும்.

நிறம் பற்றி: சில சிறகுள்ள டைனோசர்களின் புதைபடிவங்களில் நிறமித் துகள்களின் வடிவமே பதிந்திருக்கிறது. அதைக் கொண்டு நிறத்தை ஊகித்திருக்கிறார்கள். சீனாவில் கிடைத்த சைனோசாராப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன என்று 2010-ல் சொன்னார்கள். மற்ற பெரும்பாலானவற்றுக்கு நிறம் தெரியாது. இதை அப்படியே பிள்ளையிடம் சொல்லலாம். தெரியாது என்ற பதில் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

12 ஆகஸ்ட் 2024

கல்லாக மாறிய மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: கட்டாயம் போகலாம். ஆனால் தயவுசெய்து அங்கே நின்று “இந்த மரங்களுக்கு நடுவில் டைனோசர் உலாவியது” என்று சொல்லாதீர்கள். பள்ளிச் சுற்றுலாக்களில் இதை நானே காதால் கேட்டிருக்கிறேன். திருவக்கரைக் கல்மரங்களின் வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். பறவை தவிர்த்த டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். நடுவில் நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

டைனோசர் காலத்து மரம் வேண்டுமென்றால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர். 18 மீட்டருக்கும் மேல் நீளமான கல்மரம், ஓடைக்கரையில் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. இது கிரெடேசியஸ் காலத்தது.

இந்தக் காலக் கணக்கைப் பிள்ளைகள் மனத்தில் பதிக்க நாங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் கயிறு கட்டுகிறோம். 1 மீட்டர் என்றால் 1 கோடி ஆண்டு. ஒரு முனை இன்று. 2 மீட்டரில் திருவக்கரை. 6 மீட்டர் 60 சென்டிமீட்டரில் பேரழிவு. அதைத் தாண்டிச் சற்றுத் தள்ளி டைரனோசாரஸ். 15 மீட்டர் அருகே ஸ்டெகோசாரஸ். 23 மீட்டர் போனால் முதல் டைனோசர்கள். கயிற்றைப் பார்த்தவுடன் பிள்ளைகளே கண்டுபிடிப்பது: ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் உள்ள தூரத்தைவிட, டைரனோசாரஸுக்கும் நமக்கும் உள்ள தூரம் குறைவு. பொம்மைப் பெட்டியில் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்! நம் மனித இனம் மொத்தமும் கடைசி 3 சென்டிமீட்டருக்குள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முடிச்சுப் போட வேண்டும் என்று ஒரு பையன் வந்தான். கணக்குப் போட்டுப் பார்த்தோம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஊசி முனையால் குத்தினான், அதற்கே அந்தக் கயிற்றில் இடம் போதவில்லை.

5 அக்டோபர் 2024

சென்ற வாரம் இன்னொரு பள்ளியின் அருங்காட்சியகப் பயணத்தைப் பார்க்க நேர்ந்தது. பெயர் வேண்டாம். மூன்று பஸ் பிள்ளைகள், வரிசையாக உள்ளே, வரிசையாக வெளியே. ஒரு பெண் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று குறிப்பெடுக்கப் பார்த்தாள். “நிற்காதே, நட” என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். அடுத்து ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டுமாம். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தப் பெண் எழுதிய அரை வரியைத் தாண்டி அன்றைக்கு அங்கே வேறு படிப்பு எதுவும் நடக்கவில்லை.

நாங்கள் செய்வது: ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள். உள்ளே போனதும் விரும்பிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் தரையில் உட்கார வேண்டும். வரைய வேண்டும். அழகாக வரையச் சொல்வதில்லை. அமோனைட்டின் மேல் ஓடும் வரிகளை எண்ணு, எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது பார், உடைந்த இடத்தில் உள்ளே என்ன தெரிகிறது எழுது, அவ்வளவுதான். வெட்டிய அமோனைட்டில் அறை அறையாகத் தடுப்புகள் தெரியும். உயிர் கடைசி அறையில் மட்டும் இருந்தது. மற்ற அறைகளில் இருந்த வாயுதான் அதை மிதக்க வைத்தது. இதை நான் சொல்வதற்கு முன்பே “இத்தனை அறைகளில் எதில் குடியிருந்தது?” என்ற கேள்வி வரைந்த பிள்ளையிடமிருந்து வந்துவிடும். வரையாத பிள்ளையிடமிருந்து வந்து நான் பார்த்ததில்லை.

24 நவம்பர் 2024

முட்டை விவகாரம். பெரம்பலூரில் டைனோசர் முட்டை கிடைத்ததே, அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2020-ல் குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கிடைத்தவற்றைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அவை முட்டை அல்ல. கடலடியில் அமோனைட் முதலியவற்றைச் சுற்றி வண்டல் இறுகிக் கல்லான உருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். டைனோசர் முட்டையென்றால் ஓடு தனி அடுக்காகத் தெரிய வேண்டும், அதில் நுண்ணிய துளைகள் இருக்க வேண்டும், ஒரே கூட்டில் கிடப்பவை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இதை ஒரு துப்பறியும் வேலையாகவே கொடுத்தேன்: செய்திப் படத்தைப் பார், முட்டையா கல்லா, காரணம் சொல். “ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக இருக்கிறது, ஒரே அம்மா இப்படியா இடும்?” என்று எழுதினான் ஒருவன். முழு மதிப்பெண் போட்டேன்.

உண்மை முட்டைகளுக்கு நர்மதைப் பள்ளத்தாக்கு. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் 92 கூடுகள், 256 முட்டைகள் என்று 2023-ல் ஆய்வு வெளிவந்தது. அதே மாவட்டத்தில் ஒரு கிராமத்து மக்கள் நிலத்தில் கிடைத்த உருண்டைக் கற்களைக் குலதெய்வமாகக் கும்பிட்டு வந்தார்கள், அவை டைனோசர் முட்டைகள் என்று பின்னர் தெரிந்தது. குஜராத்தில் பாலாசினோர் அருகே ரையோலியில் அகழ்வு நடந்த இடத்திலேயே 2019-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2003-ல் பெயர் சூட்டப்பட்ட ராஜாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் அந்த மண்ணில் கிடைத்தவை. குஜராத்திலேயே தோலி துங்ரியில் கிடைத்த ஒரு புதைபடிவத்தில், டைனோசர் கூட்டுக்குள் முட்டையைச் சுற்றிப் பாம்பு வளைந்து கிடக்கிறது, பக்கத்தில் அப்போதுதான் பொரிந்த குஞ்சு. 2010-ல் அந்தப் பாம்புக்கு சனாஜே என்று பெயர் வைத்தார்கள். அந்தப் படத்தை வகுப்பில் காட்டிய அன்று இடைவேளை மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

9 ஜனவரி 2025

இரண்டு சிறிய பதில்கள்.

காரைக்குப் போக ஏற்ற காலம் தை, மாசி. கோடையில் அந்த மேடுகளில் நிழலே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் வழுக்கும்.

கிடைத்ததைப் பையில் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வையுங்கள், எந்த மேட்டில் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். இடம் தெரியாத புதைபடிவத்தில் பாதிச் செய்தி போய்விடுகிறது. தொட்டுப் பார்க்க வேண்டுமே என்பீர்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் பள்ளிக்குச் சில சிப்பிகளைக் கொடுத்திருக்கிறார். கையில் வைத்துப் பார்ப்பதற்கு அவை போதும்.

2 பிப்ரவரி 2025

முதலில் கேள்வி கேட்டவரே திரும்ப வந்து எழுதியிருக்கிறார். மகளோடு வாரணவாசி போய் வந்தார்களாம், மகள் கேட்டாளாம்: “கல்லமேட்டில் இன்னும் எலும்பு மிச்சம் இருக்குமா?”

அவளிடம் இதைச் சொல்லுங்கள். பெரிய எலும்பு பொடிந்து போன அதே கல்லமேட்டுப் பாறையிலிருந்து 2013-ல் ஒரு சிறிய பல்லை அறிவித்தார்கள். ட்ரூடான்டிட் என்ற இனத்துச் சிறிய டைனோசரின் பல் என்று அடையாளம் சொன்னார்கள். அந்த இனம் அதுவரை வட கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. தென் கண்டங்களுக்கு அதுதான் முதல் சான்று என்றார்கள். ஒரே ஒரு பல், அதற்குள் இவ்வளவு செய்தி. இத்தகைய சிறு பற்களைத் தேட மண்ணை மூட்டையாக அள்ளி, தண்ணீரில் கரைத்து, சல்லடையில் அலசி, எஞ்சியதைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு துகளாகப் பார்க்கிறார்கள். பொறுமை இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் இந்த முறையைக் கற்றுக்கொள்ளும்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் பள்ளியில் அதைத்தான் செய்யப் போகிறோம். ஆற்று மணலில் மீன் முள், கோழி எலும்பு, சிறு நத்தை ஓடு எல்லாம் கலந்து வைத்திருக்கிறேன். கோழி எலும்பு வேண்டுமென்றே போட்டது. கோழியின் கழுத்துக்குக் கீழே கவட்டை வடிவில் இருக்கும் எலும்பு டைரனோசாரஸுக்கும் இருந்தது. பறவைகள் டைனோசர் வழிவந்தவை என்பதை அங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம். மாவுச் சல்லடை, ரவைச் சல்லடை இரண்டும் வேண்டும். உங்கள் மகளையும் அழைத்து வாருங்கள். வீட்டில் பழைய சல்லடை இருந்தால் கொண்டு வாருங்கள், எங்களிடம் ரவைச் சல்லடை குறைவாக இருக்கிறது.